எதிர்க்கட்சித் தலைவர் தேர்தலுக்கு முன்னால் எவ்வளவு சொல்ல வேண்டும்?

தேர்தல் நெருங்கினாலே இந்தச் சண்டை வந்துவிடும். ஆளுங்கட்சி மேல் மக்கள் இவ்வளவு கோபமாக இருக்கிறார்களே, எதிர்க்கட்சித் தலைவர் பெரிதாக ஒரு திட்டத்தை முன்வைக்க வேண்டாமா என்று ஒரு தரப்பு கேட்கும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் இரண்டும் போதாது என்பது என் வாதம்.

முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் வழி. ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சித் தலைவர் ஜான் ஹியூசன் 1991 நவம்பரில் 650 பக்கம் அளவுக்கு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டார். அதன் நடுநாயகம் 15 சதவீத சரக்கு சேவை வரி. நாடு அப்போது பொருளாதாரத் தேக்கத்தில் கிடந்தது, ஆளும் லேபர் கட்சி தோற்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு கேள்வி: கடையில் பிறந்தநாள் கேக் வாங்கினால், உங்கள் வரி வந்த பிறகு விலை கூடுமா குறையுமா? கூடும், குறையும் என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பதில். அவரோ கேக்குக்கு இப்போது விற்பனை வரி உண்டா, அதன் மேல் அலங்காரம் இருக்கிறதா, மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் சொன்னது கணக்குப்படி சரிதான், ஏனென்றால் எதிர்ப்புக்குப் பயந்து முன்பே உணவுப் பொருட்களில் பெரும்பகுதிக்கு விலக்கு கொடுத்து வரியைச் சிக்கலாக்கியிருந்தார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், இந்த மனிதராலேயே இதை விளக்க முடியவில்லை. 1993 மார்ச்சில் லேபர் கட்சிப் பிரதமர் பால் கீட்டிங்கே மறுபடியும் ஜெயித்தார்.

அதே நாட்டில் 2019-இல், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சியின் தலைவர் பில் ஷார்ட்டனுக்கும் இதேதான் நடந்தது. கருத்துக்கணிப்புகளில் முன்னால் இருந்தவர், வீட்டு முதலீட்டு வரிச்சலுகை, பங்கு ஈவுத்தொகைக்கு அரசு திருப்பித் தரும் பணம் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் கைவைத்தார். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் இரண்டாவதை ஆளுங்கட்சி ‘ஓய்வூதியர் வரி’ என்று பெயர் சூட்டிப் பரப்பியபோது, அந்தப் பணமே கிடைக்காதவர்கள்கூடப் பயந்தார்கள். நீளமான திட்டத்தின் பெரிய ஆபத்து இதுதான்: எதிரிக்கு நூறு இடம் கிடைக்கிறது, அடிக்க ஒன்று போதும்.

சரி, அப்படியானால் பேசாமலே இருந்துவிடலாமா? தேர்தல் கணக்கு மட்டும் பார்த்தால் ஆமாம். ஹியூசனின் தோல்வியைப் பார்த்த அதே லிபரல் கட்சியின் ஜான் ஹோவர்ட், அந்த வரி ஒருபோதும் வராது என்று சொல்லிவிட்டு 1996-இல் பெரும் வெற்றி பெற்றார். ஷார்ட்டனுக்குப் பிறகு லேபர் தலைவராகி அவருடைய வரித் திட்டங்களைக் கைவிட்ட ஆன்டனி ஆல்பனீஸ் 2022-இல் ஆட்சிக்கு வந்தார். பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர் 2024-இல் ‘மாற்றம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 411 இடங்கள் பிடித்தார்.

ஆனால் வாக்கு எண்ணி முடித்த பிறகு என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். ஸ்டார்மர் கட்சிக்குக் கிடைத்த வாக்கு சுமார் 34 சதவீதம்தான். பதவியேற்ற அதே மாதத்தில், தேர்தல் அறிக்கையில் இல்லாத ஒரு முடிவாக, முதியோரில் பெரும்பாலோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை கிடையாது என்று அறிவித்தார்கள். இதற்கா ஓட்டுப் போட்டோம் என்று மக்கள் கேட்டார்கள், சொந்தக் கட்சியினரும் கேட்டார்கள். ஒரு வருடத்துக்குள் முடிவைப் பெருமளவு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சேமிக்க நினைத்த பணமும் போனது, நம்பிக்கையும் போனது.

என் வாதத்துக்கு எதிரான சான்றும் உண்டு. ஆல்பனீஸ், மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்த வருமான வரிக் குறைப்பை 2024-இல் மாற்றினார், ஆனாலும் 2025-இல் இன்னும் பெரிதாக ஜெயித்தார். ஆனால் அந்த மாற்றத்தால் பெரும்பாலானவர்களுக்கு வரி முன்பு சொன்னதைவிடக் குறைந்தது. கொடுக்கும்போது வாக்குறுதியை மீறினால் மன்னிக்கிறார்கள். எடுக்கும்போது மீறினால் மன்னிப்பதில்லை.

ஹோவர்ட் விஷயத்தில் அவரைப் பாராட்டவே தோன்றுகிறது. சரக்கு சேவை வரி வேண்டும் என்று மனம் மாறியதும் சத்தமில்லாமல் கொண்டுவந்துவிடவில்லை, 1998 தேர்தலில் அதையே முன்வைத்து மறுபடியும் ஓட்டுக் கேட்டார். மயிரிழையில்தான் தப்பினார். ஆனால் அதன் பிறகு மேலவையில் சிறிய கட்சியோடு பேரம் பேசி, அடிப்படை உணவுக்கு விலக்குக் கொடுத்து, 2000 ஜூலையில் 10 சதவீத வரியை நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது.

மூன்றாவது வழியாக 1997 பிரிட்டன் தேர்தலில் டோனி பிளேர் கட்சி கொடுத்த அட்டையைச் சொல்வேன். சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டை, ஐந்து வாக்குறுதிகள். எனக்குப் பிடித்தது, பணம் எங்கிருந்து வரும் என்பதும் அதிலேயே இருந்தது. 5, 6, 7 வயதுக் குழந்தைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கான பணம் தனியார் பள்ளி இடங்களுக்கு அரசு கொடுத்துவந்த உதவியை நிறுத்துவதிலிருந்து. வேலையில்லாத இளைஞர்கள் 2,50,000 பேருக்கு வேலை, அதற்குத் தனியார்மயமான மின்சார, குடிநீர் போன்ற நிறுவனங்களின் லாபத்தின் மீது ஒருமுறை வரி. யாருக்குக் கிடைக்கும், யார் கையிலிருந்து போகும், இரண்டும் ஒரே வாக்கியத்தில். முந்தைய ஆட்சி பவுண்டின் மதிப்பு சரிந்த 1992 நாணய நெருக்கடியிலேயே மதிப்பிழந்துவிட்டதால் அட்டை இல்லாமலும் பிளேர் ஜெயித்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நிறுவனங்கள் மீதான வரி முதல் பட்ஜெட்டிலேயே வந்தபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தேர்தல் அறிக்கையில் சொன்ன மசோதாவை நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை முடக்குவதில்லை என்ற மரபும் அங்கே இருக்கிறது. எழுதி வைத்தால் அதற்கு அரசியல் பலன் உண்டு.

இந்தியாவில் 2004 காங்கிரஸ் அறிக்கையில் இருந்த வேலை உறுதி வாக்குறுதியையும் இந்தப் பக்கம்தான் சேர்ப்பேன். அதனால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல வரவில்லை, கூட்டணிக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எதிர்பாராமல் ஆட்சி கைக்கு வந்தபோது என்ன செய்வது என்று அவர்கள் தடுமாறவில்லை, 2005-இலேயே 100 நாள் வேலைச் சட்டம் வந்துவிட்டது.

ஆளுங்கட்சி மேல் கோபம் கொதிக்கும்போது ஒன்றிரண்டு பெரிய வாக்குறுதியும் செலவுக் கணக்கும் போதும், 650 பக்கம் தற்கொலை. கோபம் அவ்வளவு இல்லாத இடத்தில் மௌனம் உதவாது, மாறிப் போட ஒரு காரணத்தை மக்கள் கேட்பார்கள், அதைத் தலைவர்தான் தர வேண்டும். இரண்டு நிலையிலும், பதவிக்கு வந்த முதல் வருடத்தில் யாருடைய சலுகையில் கைவைக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தால், அந்த ஒன்றை மட்டும் ஓட்டுக்கு முன்பே அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.