கோரிமேடு தாண்டி ஒரு நர்சரி: செடி கொடுக்கும் முன் வெயிலைக் கேட்கிறார்கள்

ஏற்காடு போனால் இறங்கும்போது ஒரு தொட்டியாவது வாங்கி வருவது சேலத்துக்காரர்கள் பலருக்கும் பழக்கம். நானும் மேலே ஒரு சாலையோரக் கடையில் நீலப் பூ பூத்த ஹைட்ரேஞ்சியாவை வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மாசி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும் இலை ஓரமெல்லாம் கருகி நாலே நாளில் போய்விட்டது. கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் என்ன செய்யும், பாவம். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதனால்தான் அடிவாரம் போகும் சாலையில் இருக்கும் இந்த நர்சரி எனக்குப் பிடித்துப்போனது. பெயர்ப்பலகை கிடையாது, பச்சை நிழல்வலைப் பந்தல்தான் அடையாளம். போன ஆடியில் போனபோது அங்கே செடி விற்கும் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "கண்ணு, உங்க மாடியில வெயில் எத்தனை மணி வரைக்கும் நிக்கும்?" என்பதுதான். நாலு மணி வரைக்கும் என்றேன். நான் எடுத்து வைத்திருந்த பெரணித் தொட்டியை வாங்கிப் பந்தலுக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, குண்டுமல்லியும் செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருக்கும் வெயில் பக்கம் கூட்டிப்போனார்.

குண்டுமல்லி 50 ரூபாய். கறுப்புக் கவரை மெதுவாகத் தட்டிக் கழற்றி வேரைக் காட்டினார். முதல் கன்றில் வேர் கவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முறுக்கிக் கிடந்தது, அதை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளை வேர் பரவலாக ஓடியிருந்த வேறொன்றைக் கொடுத்தார். வளர்ந்த மல்லியை நவம்பர் கடைசியில் ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யச் சொன்னார், முதல் வருடம் என்பதால் நான் நுனியை மட்டும் கிள்ளினேன். இப்போது பங்குனியில் தினமும் ஒரு கை மொட்டு கிடைக்கிறது, என் அம்மா தலைக்கும் சாமி படத்துக்கும் போதும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று குழித்தட்டிலேயே கிடைக்கும். பூ எடுத்துவிட்ட தக்காளி நாற்றை எடுக்காதீர்கள், 25 நாள் நாற்றுதான் சரி. தூதுவளை, துளசி உண்டு. கற்பூரவல்லிக்குக் காசு கேட்கவில்லை, ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்து மண்ணில் செருகச் சொன்னார்.

குறை என்றால் அவர்கள் தரும் தொட்டி மண். பெரும்பாலும் வெறும் செம்மண், மூன்று வாரத்தில் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டி, செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று நானே கலந்தேன். நார்க்கட்டியை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். அங்கே வாங்கிய செம்பருத்தியிலும் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வந்திருந்தது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் வாரம் ஒரு தடவை அடித்தேன், மூன்றாவது வாரம் தெளிந்தது. அதனால் வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பாருங்கள், அந்த அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவருக்குப் பேச நேரம் இருக்காது, வார நாளில் காலையிலேயே போங்கள். பைக்கில் போகிறவர்கள் ஒரு பழைய சாக்கு எடுத்துப் போய்ச் செடியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், அந்த ரோட்டுக் காற்றில் மல்லித் தளிர் முறிந்துவிடும்.