காலபோகத்துக்கு மாடு விட ஒரு பட்டி: ஒட்டுசுட்டான் பக்கத்து அனுபவம்

மாரிமழையை நம்பிச் செய்யும் காலபோக நெல் விதைப்புத் தொடங்கியதும் வன்னியில் மாடு வைத்திருப்போருக்குக் கவலையும் தொடங்கிவிடும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குறித்த நாளுக்குப் பிறகு மாடுகளை வயற்பக்கம் விட முடியாது. விட்டால் பயிரழிவும் அயலவருடன் மனத்தாங்கலும் வரும், கட்டாக்காலியென்று பிடிபட்டால் பிரதேச சபைக்குத் தண்டமும் கட்ட வேண்டும். வளவில் கட்டித் தீனி போட இடமோ ஆளோ இல்லாதவர்கள் அரிவுவெட்டு முடியும்வரை மாடுகளை, பலரின் மாடுகளையும் கூலிக்கு மேய்த்து அடைக்கும் பட்டிக்காரரிடம்தான் ஒப்படைக்கிறார்கள். சென்ற காலபோகத்தில் ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடையே காட்டோரமாக உள்ள ஒரு பட்டியில் எங்கள் மாடுகளை விட்டிருந்தோம்.

நான் முதலில் பார்த்தது நிலத்தை. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்ததை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுக்கு மறைப்பில்லாமல், அரைவயிற்றோடு, நனைந்த உடம்புடன் சேற்றில் விடிய விடிய நிற்கும் மாடு உடற்சூட்டை வேகமாக இழந்துவிடும். கன்றுகளும் மெலிந்தவையும்தான் முதலில் விழும். ஆகவே வெயில் நாளில் போய்ப் பட்டி பார்ப்பதில் பயனில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய் வாசலைப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டி கிரவல் மேட்டில் இருக்கிறது; மாடுகள் நெருக்கிக்கொண்டு நுழையும் வாசலில்கூடக் குளம்பளவுக்கு மேல் சேறு இல்லை. வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தில் அலம்பல் வேலியை நெருக்கி அடைத்து, உட்புறம் கிடுகு சார்த்தியிருந்தார்கள். வைக்கோலை நிலத்தில் போடாமல் மரக்குற்றிகளின் மேல் அடுக்கித் தறப்பாளால் மூடியிருந்தார்கள். நடுவில் கையை விட்டு ஒரு பிடி இழுத்துப் பார்த்தேன். ஈரமும் இல்லை, பூஞ்சண மணமும் இல்லை.

அடுத்தது நோய். புதிதாக வரும் மாடுகளை இரண்டு வாரம் தனிக் கொட்டிலில் வைத்த பிறகே பட்டியோடு சேர்க்கிறார்கள். காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் தொற்றிய மாட்டில் அறிகுறி தெரியவே அவ்வளவு காலம் செல்லக்கூடும் என்பதால், இந்த ஒரு வழக்கத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். தொண்டை அடைப்பான் நோய்க்கு மழைக்கு முன்பே ஊசி போட்டாயிற்றா என்று பட்டிக்காரர் எங்களிடம் கேட்டு, கால்நடை வைத்தியரின் துண்டையும் வாங்கிப் பார்த்தார். கேட்காமலே மாட்டை வாங்கிக்கொள்ளும் பட்டிக்கு மாடு விடாதீர்கள். உங்கள் மாட்டைப் பற்றிக் கேட்காதவர் அடுத்தவர் மாட்டைப் பற்றியும் கேட்டிருக்க மாட்டார். 2020 இன் பிற்பகுதியில் வடக்கில் மாடுகளுக்குப் பரவிய தோற்கழலை நோய் கடிக்கும் ஈயாலும் நுளம்பாலும் பரவுவது என்பதால், மாலையில் வேப்பிலைப் புகை போடுவதையும் கவனித்தேன். உண்ணி பார்ப்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. திரும்பி வந்த மாடுகளின் காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி இருந்தது.

பட்டிக்காரரிடம் எனக்குப் பிடித்தது அவர் மாடு எண்ணும் முறை. பொழுதுபட மாடுகள் உள்ளே வரும்போது வாசலில் நின்று, குறியைப் பார்த்து ஒவ்வொன்றாக விடுகிறார். எங்கள் நாகு (கன்று ஈனாத இளம் பசு) ஒன்று கூட்டத்தோடு சேராமல் ஒதுங்கி மேயும். அதை இரண்டாம் முறை போனபோது நான் சொல்ல முன்பே அவர் சொன்னார்: “தம்பி, உங்கட வெள்ளை நாகு தனிய நிக்கிறது. அதைப் பார்த்துப்போட்டுத்தான் மற்றதை எண்ணுவன்.”

குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்தது. சொன்ன பிறகுதான் கழுவினார்கள். பட்டியில் இருக்கும்போது பசு கன்று ஈன்றால் பால் யாருக்கு, எரு யாருக்கு, மாடு காணாமற் போனால் பொறுப்பு யாருடையது என்பவையெல்லாம் வாய்ப்பேச்சாகவே இருக்கின்றன. எங்களுக்குப் பிணக்கு எதுவும் வரவில்லை என்றாலும், மாடுகளின் குறியையும் எண்ணிக்கையையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை.

கூலி மாட்டுக்கு இவ்வளவென்று மாதக் கணக்கில். பால்மாட்டுக்குத் தனியாகப் பேச வேண்டும். அருகிலுள்ள மற்றப் பட்டிகளைவிடச் சற்றுக் கூடத்தான், ஆனால் மாடுகள் மெலியாமல் வந்தன. இடம் நிறைந்தால் மேற்கொண்டு ஒரு மாடும் எடுக்கமாட்டார் என்பதால், அடுத்த காலபோகத்துக்கு விட நினைப்பவர்கள் ஆவணியிலேயே போய்ப் பேசிவிடுங்கள். நாங்கள் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டோம்.