தட்டு, ஸ்லூஸ் பெட்டி, டிடெக்டர்: ஆடையில்லாத காட்டு முகாமுக்கு எது ஒத்துப்போகும்?

தங்கம் தேடும் கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எதில் அதிகம் கிடைக்கும்? ஆள் அரவமில்லாத இடத்தில் கூடாரம் போட்டு, உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான்கைந்து நாள் இருக்கப் போகிறவருக்கு அந்தக் கேள்வி போதாது. எந்த மண்ணில், எந்தத் தண்ணீர் ஓரத்தில் முகாம் போடுவோம் என்பதைக் கருவிதான் முடிவு செய்கிறது. அந்த இடத்து வெயில், குளிர், பூச்சி, முள் எல்லாம் நேராகத் தோலில்தான் இறங்கும். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மணலை அரிக்கும் தட்டு. மற்ற இரண்டும், அதாவது ஓடும் நீரில் வைக்கும் ஸ்லூஸ் பெட்டியும் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் டிடெக்டரும், அதைவிட அதிகத் தங்கம் தரலாம். ஆனால் ஒன்று நம்மைக் குளிரில் நடுங்கவைக்கும், இன்னொன்று உடுப்பைத் திரும்ப மாட்டவைக்கும்.

தட்டிலிருந்து தொடங்குவோம். பிளாஸ்டிக் தட்டு ஒன்று அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும், முதுகுப்பையின் வெளிப்பக்கமே கட்டிக்கொள்ளலாம். அது வேலை செய்யும் விதம் அழகானது. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19.3 மடங்கு, சாதாரண மணலான குவார்ட்ஸ் 2.65 மடங்கு. காற்றில் பார்த்தால் ஏழு மடங்கு வித்தியாசம். தண்ணீருக்குள் மிதப்பு விசையைக் கழித்தால் அதே வித்தியாசம் பதினோரு மடங்காகிவிடும். அதனால்தான் தட்டை நன்றாக அலம்பிக் குலுக்கும்போது தங்கம் அடியில் தங்கிவிடுகிறது, மணல் விளிம்பு வழியே போய்விடுகிறது. கடைசியில் மிஞ்சும் கருமணலில் பெரும்பகுதி மேக்னடைட். அதன் அடர்த்தி 5.2, அதைப் பிரிக்கத்தான் பொறுமை வேண்டும்.

தட்டுக்குப் பெரிய ஆறு தேவையில்லை, முழங்கால் அளவு தேங்கிய தண்ணீர் போதும். ஆற்று வளைவின் உட்பக்கம், பெரிய பாறையின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு, கரையோரப் பாசியின் அடி என்று தண்ணீர் வேகம் குறையும் இடங்களில்தான் தங்கம் படியும். அந்த இடங்கள் பெரும்பாலும் அமைதியானவை. நிழல் பார்த்து உட்காரலாம். வெயில் நகர்ந்தால் நாமும் நகரலாம். யாராவது வரும் காலடிச் சத்தமும் காதில் விழும், பக்கத்தில் வைத்திருக்கும் துண்டை எடுத்துச் சுற்றிக்கொள்ள நேரம் இருக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் மற்றவர்களைச் சங்கடப்படுத்தாமல் ஆடையின்றி இருப்பது இந்த வாழ்க்கை முறையின் அடிப்படை மரியாதை.

தட்டில் ஒரு சிக்கல் உண்டு, அது ஆடையில்லாமல் இருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். உடம்பெல்லாம் சன்ஸ்கிரீன் பூசிய கையோடு தட்டைத் தொட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். பொடித் தங்கம் எண்ணெய் பட்டதும் தண்ணீரில் மூழ்காமல் மேற்பரப்பிலேயே மிதந்து, மணலோடு வெளியே போய்விடும். பத்தொன்பது மடங்கு கனமான உலோகம் மிதப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரு சொட்டு சோப்பு கலந்தால் அது மூழ்கிவிடும் என்பது சரி. ஆனால் சோப்பை ஓடையில் விடக்கூடாது, சன்ஸ்கிரீனையும் விடக்கூடாது. கடைசிக் கழுவலை ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிப்போய் மண்ணில் ஊற்றுங்கள். அதைவிட நல்லது, தோலைக் காக்க பூச்சை நம்பாமல் நிழலை நம்புவது. காலையும் மாலையும் அரிப்பது, உச்சி வெயிலில் கூடாரத்தடியில் படுப்பது. குனிந்து உட்காரும்போது முதுகும் தோள்பட்டையும் முழங்கால் பின்புறமும்தான் முதலில் எரியும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அடிப்பக்கத்தையும் விடாது. ஒரு சின்ன முக்காலியும் அதன்மேல் போட ஒரு விரிப்பும் கட்டாயம். செருப்பை மட்டும் எக்காரணத்துக்கும் கழற்றாதீர்கள், பழைய சுரங்கப் பகுதி ஆறுகளில் கண்ணாடியும் ஆணியும் கிடக்கும்.

தட்டின் குறை வேகம்தான். நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு கனமீட்டர் சரளையை முடிப்பது அரிது. அந்த இடத்தில்தான் ஸ்லூஸ் பெட்டி வருகிறது. குறுக்குத் தடுப்புகள் வைத்த ஒரு நீளமான தொட்டியை ஓடும் நீரில் சாய்த்து வைக்கிறோம், ஓரடிக்கு ஓரங்குலம் சாய்வு என்பது தொடக்கக் கணக்கு. தடுப்புகளுக்குப் பின்னால் மணல் சுழன்றுகொண்டே இருந்தால் ஓட்டம் சரி. மணல் இறுகிப் போனால் தண்ணீர் போதவில்லை, தடுப்புகள் வெறுமையாகத் தெரிந்தால் தண்ணீர் அதிகம். சல்லடையில் சலித்துப் போட்டால் தட்டைவிடப் பல மடங்கு மண்ணைத் தள்ளிவிடலாம். கடைசியில் பெட்டியின் அடியில் விரித்த பாயில் சேர்ந்ததை மறுபடி தட்டில்தான் அரிக்க வேண்டும், அதனால் பெட்டி எடுத்துப்போகிறவர் தட்டையும் எடுத்தே போகிறார்.

விளைச்சலில் பெட்டி ஜெயிக்கிறது, உடம்புக்கு அது கொடுமை. தொடை வரை ஓடும் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை எடுத்துவிடும். மலை ஓடைகளில் வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே கை நடுங்க ஆரம்பித்துவிடும். அப்புறம் பூச்சி. நியூசிலாந்தில் சாண்ட்ஃபிளை என்று சொல்லப்படும் கடிக்கும் கரு ஈக்களின் புழுக்கள் வளர்வது ஓடும் சுத்தமான நீரில். அதாவது ஸ்லூஸ் பெட்டிக்கு எந்தத் தண்ணீர் வேண்டுமோ, அதே தண்ணீர்தான் அவற்றுக்கும் வேண்டும். அந்நாட்டின் மேற்குக் கரையில் பொதுமக்களுக்கென்று தங்கம் அரிக்க ஒதுக்கிய இடங்கள் உண்டு, மோட்டார் இல்லாத கைக்கருவிகள் மட்டும் அனுமதி. அங்கே பகலில் ஆடையின்றி ஆற்றில் நிற்பது தோலுக்குத் தண்டனை. இருட்டியபின் அந்த ஈக்கள் அடங்கிவிடும், ஆனால் இருட்டில் பெட்டி ஓட்ட முடியாது. பெட்டிதான் வேண்டும் என்றால் நியோப்ரீன் கால்சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், ஆடையில்லா நேரத்தை முகாமுக்கு ஒதுக்குங்கள்.

டிடெக்டர் முற்றிலும் வேறு உலகம். பொடித் தங்கத்தை அதால் கேட்கவே முடியாது, கட்டித் தங்கம்தான் அதன் இலக்கு. ஆனால் அந்தக் கட்டி கிடைத்தால் தட்டில் பல வருடம் அரித்ததையும் தாண்டிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1869ஆம் ஆண்டு மொலியாகுல் பக்கம் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழேதான் இருந்தது. அதே மாநிலத்தில் 1980இல் டிடெக்டர் வைத்துக் கண்டெடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோ. இரும்புச் சத்து மிகுந்த அந்தச் செம்மண்ணில் தொடர்ந்து அலை அனுப்பும் சாதாரண விஎல்எஃப் வகை டிடெக்டர் மண்ணையே உலோகமாக நினைத்துக் கத்தும். விட்டுவிட்டுத் துடிப்பாக அலை அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி அதைச் சமாளிக்கும், ஆனால் கனமும் விலையும் கூடும், ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்வதில் பலவீனம். சின்னத் துணுக்குகளுக்கு 45 கிலோஹெர்ட்ஸ், 71 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசையில் ஓடும் விஎல்எஃப் கருவிகள் நல்லவை.

ஆடையில்லாதவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: பெல்ட் கொக்கி, ஜிப், பொத்தான் எதுவும் கருவியைக் குழப்பாது. ஆனால் அந்த வசதியை நிலம் பறித்துக்கொள்கிறது. டிடெக்டர் பூமி பெரும்பாலும் நிழலில்லாத முள் புதர், பாம்பு நடமாடும் இடம். நாளெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். காதில் ஹெட்போன் இருப்பதால் விலங்கு வருவதும் ஆள் வருவதும் தெரியாது. டீட் கலந்த பூச்சி விரட்டி சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும், கருவியின் திரையிலும் ஹெட்போனிலும் படாமல் பார்க்க வேண்டும். நீளக் கால்சட்டை, கணுக்கால் உறை, தொப்பி என்று முழு உடுப்போடு போவதுதான் புத்தி. தோண்டிய ஒவ்வொரு குழியையும் மூடுவது கட்டாயம். உலர் மண்ணைக் காற்றால் பிரிக்கும் இயந்திரத்தை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை, அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

பழைய சுரங்க ஆறுகளில் மூன்று கருவிக்கும் பொதுவான ஓர் ஆபத்து பாதரசம். தங்கத்தைச் சேர்க்க அந்தக் காலத்தில் ஊற்றியது இன்னும் அடிமண்ணில் கிடக்கிறது. தட்டில் வெள்ளி நிறத்தில் துணுக்கு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், முகாம் அடுப்பில் சூடாக்கிப் பார்க்கவே கூடாது, அந்த ஆவி விஷம்.

அனுமதி விஷயத்தில் தங்குவது, தோண்டுவது, ஆடையின்றி இருப்பது மூன்றும் வெவ்வேறு சட்டங்கள். பின்லாந்தில் யாரும் காட்டில் இரவு தங்கலாம், தங்கம் அரிக்கத் தனி அனுமதி வேண்டும். விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' உரிமம் வாங்கினால் பத்து வருடம் தேடலாம், தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யாரையும் பதறவைக்கும் நோக்கமில்லாமல் ஆடையின்றி இருப்பது மட்டும் குற்றமல்ல. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் காட்டில் கூடாரம் போட உரிமை தருகிறது, ஆனால் 1424ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்கம் அரச முடிக்குச் சொந்தம். ஆடையின்றி பிரிட்டன் முழுக்க நடந்த ஸ்டீபன் கஃப் அங்கே மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார். அதனால் அந்த நிலத்தை நிர்வகிப்பவரிடம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பையைக் கட்டுங்கள்.