அப்பாவின் நடைக்கு ஒரு மெட்ரோனோம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நகரியில் விசைத்தறி ஓட்டி ஓய்ந்தவர் என் அப்பா. பார்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்த பிறகு, மெட்ரோனோம் என்னும் தாளக் கருவி எழுப்பும் சீரான சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கும் பயிற்சியை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறார். நிச்சயம் பலன் இருக்கிறது. ஆனால் தாளத்தின் வேகத்தை அவரவர் நடையை அளந்துதான் வைக்க வேண்டும்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் அப்பாவை இயல்பாக நடக்கவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று பிசியோதெரபிஸ்ட் எண்ணினார். 96 வந்தது, மெட்ரோனோமையும் 96-இல் வைத்தார். சிலருக்குப் பத்து சதவீதம் கூட்டுவதுண்டாம். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை உள்ளவர்களுக்குக் கூட்டினால் அடி குறுகிவிடும் என்று எச்சரித்தார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் காவடிக் கூட்டம் எங்கள் தெருவில் வந்தபோது அதைக் கண்ணாரக் கண்டேன். பம்பை வேகமெடுக்க எடுக்க, திண்ணையோரம் நடந்துகொண்டிருந்த அப்பாவின் அடிகள் குறுகின, உடம்பு முன்னால் சாய்ந்தது, நடை ஓட்டமாகிவிட்டது. இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினேன்.

இந்த நோயில் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறையும்போது, நினைக்காமலே கால் மாற்றி வைக்கும் ஒழுங்கு குலைகிறது. காதில் விழும் தாளம் அந்த ஒழுங்கை வெளியிலிருந்து தருகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாள் முழுக்கத் தெருவில் கேட்கும் தறிச் சத்தம் போதாதா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு தறியும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது. கால் பற்றிக்கொள்ள அதில் ஒரு தாளம் கிடைப்பதில்லை.

கைப்பேசியின் இலவசச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடையில் விளம்பரம் வந்து தாளம் அறுந்ததும் அப்பா நடுத்தெருவில் நின்றுவிடுவார். இசை படிப்பவர்கள் வாங்கும் சிறிய மெட்ரோனோமே மேல். சட்டைப் பையில் அடங்கிவிடுகிறது. இயர்போன் ஒரு காதில் மட்டும்தான். லாரி வருவது மறு காதுக்குக் கேட்க வேண்டும்.

தாளம் தோற்கும் இடம் நிலைப்படி. சமையலறை வாசலுக்கு வந்ததும் குதிகால் எழும்பும், கட்டைவிரல் தரையிலேயே துடிக்கும், கால் மட்டும் நகராது. அங்கே கண்ணுக்கு ஓர் அடையாளம் வேண்டும். சிவப்புத் தரையில், அப்பாவின் ஓர் எட்டு அளவு இடைவெளி விட்டு, குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினோம். ஈரத்துணி பட்டுப்பட்டு டேப்பின் ஓரம் பிரிந்து காலைத் தட்டியதால் இப்போது பெயின்டாலேயே கோடு போட்டிருக்கிறோம். முதல் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், அடுத்த அடி தானாக வருகிறது.

பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் 153 நோயாளிகளுக்கு மூன்று வாரம் வீட்டிலேயே இத்தகைய பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. நடை மேம்பட்டது; பயிற்சியை நிறுத்தி ஆறு வாரத்தில் பலன் பெரிதும் குறைந்துவிட்டது. அதனால் நாங்கள் விடுவதேயில்லை. காலையில் மாத்திரை பிடித்ததும், "சத்தத்தைப் போடம்மா, கால் கிளம்பட்டும்" என்று அப்பாவே கேட்கிறார். மாத்திரையின் வேகம் தணிந்த நேரத்தில் தாளத்தை நம்பி நடக்கவிடுவதில்லை.

குளியலறைக்குள் திரும்புவதற்கு மட்டும் தாளமும் கோடும் உதவவில்லை. அகலமாக வளைந்து திரும்ப அங்கே இடமில்லை. சுவரில் கைப்பிடி பொருத்தியிருக்கிறோம். நானும் கூடவே நிற்கிறேன்.