ஒரே ஒரு சமையல் பத்திரிகைக்குத்தான் சந்தா என்றால்…

பக்கத்துத் தெரு அக்கா போன மாதம் வீட்டுக்கு வந்தபோது என் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை சமையல் பத்திரிகை வெச்சிருக்கியே, இதில் ஒண்ணே ஒண்ணுக்குப் பணம் கட்டணும்னா எதுக்குக் கட்டுவே? நாலு பேரைச் சொல்லிக் குழப்பாதே." நியூஜெர்சிக்கு வந்த நாளிலிருந்து சேர்ந்த குப்பை அது. வாங்கியது பாதி, நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் அள்ளியது பாதி. அன்றைக்கு அரை மணி நேரம் பேசியும் என்னால் ஒரு பேரைச் சொல்ல முடியவில்லை. சொல்ல வந்ததை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வெறும் செய்முறைதான் வேண்டும் என்றால் பத்திரிகையே தேவையில்லை, போனில் தட்டினால் கொட்டுகிறது. காசு வாங்கும் பத்திரிகை அதற்கு மேல் ஒன்று தர வேண்டும். என் அளவுகோல் இதுதான்: நான் செய்தது கெட்டுப்போனால், ஏன் கெட்டது என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா?

இந்த அளவுகோல் எனக்கு வந்ததற்குக் காரணம் நம் ஊர் மகளிர் பத்திரிகைகளோடு வரும் '30 வகை' இலவச இணைப்புகள். அவற்றைப் படித்து வளர்ந்தவள் நான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதில் ஒரு வரி வரும்: 'பாகு கம்பிப் பதம் வந்ததும் இறக்கவும்.' பதம் தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவருக்கு மொத்தச் சமையலும் அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் அம்மாவோ அத்தையோ நின்று எட்டிப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய குறிப்புகள் அவை. இங்கே எட்டிப் பார்க்க யாரும் இல்லை.

அந்த இடத்தை எனக்கு முதலில் நிரப்பியது குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட். 1993இல் கிறிஸ்டோபர் கிம்பல் தொடங்கியது. பாஸ்டன் பக்கத்தில் ஒரு சோதனைச் சமையலறை, இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ், 32 பக்கம், ஒரு விளம்பரம்கூடக் கிடையாது. நீண்ட காலம் உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளைதான். பின்னட்டையில் மட்டும் தக்காளி வகைகள், மிளகாய் வகைகள் என்று கையால் வரைந்த வண்ணப்படம். பார்த்தால் பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் மாதிரி இருக்கும். வாய் ஊறவே ஊறாது.

ஆனால் படிக்க ஆரம்பித்தால் கீழே வைக்க முடியாது. ஒவ்வொரு கட்டுரையும் தோல்வியில்தான் தொடங்கும். ஐந்தாறு பேருடைய முறைகளை எடுத்து அப்படியே செய்து பார்ப்பார்கள். ஒன்று ரப்பர் மாதிரி வரும், இன்னொன்று மண்ணாக உதிரும். அப்புறம் ஒவ்வொரு பொருளாக மாற்றி மாற்றிப் பார்த்து, எது எதனால் ஆனது என்று அவிழ்ப்பார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2007 நவம்பர்-டிசம்பர் இதழில் 'பை' என்கிற அமெரிக்கப் பண்டத்தின் மேல்மாவு பற்றி ஒரு கட்டுரை. எழுதியவர் கென்ஜி லோபஸ்-ஆல்ட். தண்ணீர் குறைந்தால் மாவு தேய்க்கும்போது விண்டுபோகிறது, கூடினால் வெந்தபின் தோல் மாதிரி இழுக்கிறது. மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரைப் பார்த்தவுடன் பின்னிக்கொண்டு குளூட்டன் ஆவதுதான் காரணம். சாராயத்தில் அந்தப் பின்னல் நடக்காது. அதனால் கால் கப் தண்ணீரும் கால் கப் வோட்காவும் விட்டுப் பிசையச் சொன்னார்கள். வோட்காவில் பத்தில் நாலு பங்கு சாராயம். தேய்க்கும்போது மாவு ஈரமாக, இளக்கமாக இருக்கும். அடுப்புக்குப் போனதும் சாராயம் ஆவியாகிவிடும்.

படித்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது சோமாஸ். வருஷா வருஷம் தீபாவளிக்கு என் சோமாஸ் மேல்தோல் மட்டும் கடித்தால் ஜவ்வாக இருக்கும். அந்த வருஷம் தண்ணீரில் பாதிக்கு வோட்கா விட்டுப் பிசைந்தேன். சப்பாத்திப் பலகையில் மாவு சொன்னபடி கேட்டது, ஓரம் விண்டுபோகவில்லை. எண்ணெயில் போட்டதும் வழக்கத்தைவிட நுரை கூட எழும்பியது, அவ்வளவுதான். மேல்தோல் பொரபொரவென்று வந்தது. ஊரில் மாமியாரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "படையல் பலகாரத்துல சாராயமா?" என்று கேட்டவர், நான் சமாதானம் சொல்வதற்குள் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. அதே கட்டுரையில் இன்னொரு நுட்பம் இருந்தது. மாவில் ஒரு பங்கைக் கொழுப்போடு நன்றாகக் கலந்து பசையாக்கிவிட்டு, மிச்ச மாவை அப்புறம் சேர்க்க வேண்டும். கொழுப்பு பூசிய மாவுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது, குளூட்டனும் குறையும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சொன்னது காதில் விழுந்தது. "சூடா நெய்யை ஊத்திப் பிசிறு. கையில பிடிச்சா பிடிக்கு நிக்கணும், தட்டினா உதிரணும். அப்புறம்தான் தண்ணி." அம்மா சொன்னதும் அதுவும் ஒன்றேதான். அம்மா காரணம் சொல்லவில்லை, நான் அவசரத்தில் நெய்யைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். இப்போது வோட்காவை விட்டுவிட்டு நெய்யைச் சரியாக ஊற்றுகிறேன். மாமியாருக்கும் நிம்மதி.

குறைகளும் உண்டு. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி கிடையாது. ஓர் இதழைப் புரட்டினால் அப்படியே செய்யக்கூடியது நாலோ ஐந்தோதான் தேறும். கொஞ்ச நாளில் கட்டுரையின் அச்சு பிடிபட்டுவிடும், மூன்றாவது பத்தியில் என்ன வரும் என்று நாமே சொல்லிவிடலாம். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழிதான் இங்கே விருந்து. அதை உப்புத்தண்ணீரில் ஊற வை என்று ஒரு நவம்பர், வேண்டாம் வெறும் உப்பைத் தடவு என்று இன்னொரு நவம்பர், முதுகெலும்பை வெட்டி மல்லாத்து என்று மற்றொன்று. நம் தீபாவளி மலர்களில் மைசூர்பாகு படும் பாடு இங்கே வான்கோழி படுகிறது. அதனால் ஐந்து வருஷச் சந்தா என்பது அதிகம். இரண்டு வருஷம் படித்தால் அவர்கள் யோசிக்கும் விதம் நமக்கு ஒட்டிக்கொள்ளும்.

பான் அப்பெட்டீ முற்றிலும் வேறு. 1956இல் தொடங்கியது, 1993இலிருந்து காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. படங்கள் வழுவழுப்பான தாளில் கண்ணைப் பறிக்கும். என்ன உணவகம், என்ன புதுச் சாஸ், யார் வீட்டு விருந்து என்று ஓர் ஊர்வலம். செய்முறைகள் ருசியாகத்தான் இருக்கின்றன, பொய் சொல்லக் கூடாது. எலுமிச்சை, பூண்டு, மிளகாய் என்று தாராளமாக இருப்பதால் நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். ஆனால் 'ஏன்' என்று கேட்டால் அதில் பெரும்பாலும் பதில் இல்லை. நன்றாக வந்தால் சந்தோஷம், வராவிட்டால் நம் விதி.

அதன் மீது எனக்கு வேறு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 2016இல் வியட்நாமிய ஃபோ சூப்பை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று வியட்நாமியர் அல்லாத ஒரு சமையல்காரரை வைத்துப் பாடம் எடுத்தார்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நமக்கு யாராவது இட்லியை எப்படிப் பிட்டுச் சாப்பிடுவது என்று சொல்லித்தந்தால் எப்படி இருக்கும்? 2020 ஜூனில் அது பெரிதாக வெடித்தது. வெள்ளையர் அல்லாத ஊழியர்கள், வீடியோக்களில் தோன்றுவதற்குத் தங்களுக்கு மற்றவர்களைப் போலப் பணம் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் ஆடம் ரப்போபோர்ட் பதவி விலகினார். அந்த ஆகஸ்டில் சோலா எல்-வெய்லி, பிரியா கிருஷ்ணா உட்படப் பலர் வீடியோக்களிலிருந்து விலகினார்கள். பிறகு ஆசிரியர் மாறி, பழைய செய்முறைகளில் எந்த ஊர் உணவை எப்படி அறிமுகப்படுத்தியிருக்கிறோம் என்று திருத்தவும் செய்தார்கள். என் தீர்ப்பு: படிக்கலாம், ஆனால் பணம் கட்ட வேண்டாம். நூலக அட்டை இருந்தால் லிப்பி செயலியில் இதுபோன்ற பத்திரிகைகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

இடையில் ஒரு எச்சரிக்கை, எந்தப் பத்திரிகை படித்தாலும் பொருந்தும். இங்கே உப்பு என்றால் ஒரே உப்பு இல்லை. டயமண்ட் கிரிஸ்டல் என்ற கோஷர் உப்பு லேசான செதில் செதிலாக இருக்கும். அதில் இரண்டு டீஸ்பூன், நம் தூள் உப்பில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூனுக்குச் சமம். இது தெரியாமல் ஒரு பத்திரிகையைப் பார்த்து (பேர் வேண்டாம், தப்பு என்னுடையது) வெண்டைக்காய் வறுவலுக்குத் தூள் உப்பை அளந்து போட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லாருக்கும் தயிர் சாதம். குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டடில் மாவை எடையிலும் கொடுப்பார்கள், உப்பு என்று மட்டும் போட்டால் தூள் உப்பு என்று அர்த்தம். பான் அப்பெட்டீயில் உப்பின் பிராண்டையே எழுதிவிடுவார்கள், அதுவும் நல்ல வழக்கம்தான்.

மில்க் ஸ்ட்ரீட் பற்றிச் சுருக்கமாக. கிம்பல் 2015இல் குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டடை விட்டு வெளியேறி, பாஸ்டனில் மில்க் ஸ்ட்ரீட் என்ற தெருவிலேயே 2016இல் தொடங்கியது. பழைய நிறுவனம் வழக்குப் போட்டு, 2019இல் சமாதானம் ஆனது. உலகச் சமையலிலிருந்து ஒரு யுக்தியை எடுத்து அமெரிக்க வீட்டின் வேலைநாள் சமையலுக்குச் சுருக்குவது இவர்கள் பாணி. கடுகைத் தாளித்து மேலே கொட்டினால் மணக்கும் என்று வியந்து எழுதினால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். மெக்ஸிகோ, துருக்கி, ஜார்ஜியா போன்ற நமக்குத் தெரியாத ஊர்ப் பக்கங்களுக்காக அதை எடுக்கலாம். ஃபுட் அண்ட் ஒயின் 1978இலிருந்து வருகிறது. ஒயின் குடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சவேர் மீது எனக்குத் தனிப் பிரியம், அதை மறைக்கப்போவதில்லை. 1994இல் டோரதி கேலின்ஸ், கோல்மன் ஆண்ட்ரூஸ் முதலானோர் தொடங்கியது. ஒரு பண்டத்தைத் தேடி அது பிறந்த ஊருக்கே போய், அங்கே யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று உட்கார்ந்து பார்த்து எழுதுவார்கள். செய்முறையைச் சுருக்க மாட்டார்கள். கிடைக்காத பொருளுக்குக் கிடைக்கும் பொருளைப் போட்டு ஒப்பேற்றுவதும் குறைவு. அதனால் சமைப்பதற்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். சவேரில் படித்து நான் சமைத்தது மிகக் குறைவு, படித்தது ஏராளம். கெட்டுப்போனால் காரணம் சொல்லுமா என்ற என் அளவுகோலில் இது தோற்றுவிடும். ஆனால் ஒரு பண்டம் ஏன் இப்படி இருக்கிறது, எந்த மண்ணில், எந்தக் கைகளில் இப்படி ஆனது என்ற கேள்விக்கு இதைப்போல யாரும் பதில் சொல்வதில்லை. இடையில் அச்சு நின்றுபோனது. 2023இல் அதன் ஆசிரியர் கேட் கிராடாக்கே பத்திரிகையை வாங்கி, 2024இல் வருஷத்துக்கு இரண்டு இதழாக மறுபடி அச்சில் கொண்டுவந்தார்.

கடைசியாக, அச்சில் நின்றுபோன ஒன்று: குர்மே. 1941 ஜனவரியில் வந்த முதல் இதழிலிருந்து 2009 நவம்பர் வரை. காண்டே நாஸ்டிடம் குர்மேயும் பான் அப்பெட்டீயும் இரண்டும் இருந்தன. விளம்பரம் குறைந்தபோது ஒன்றை மூடினார்கள், மூடப்பட்டது குர்மே. கடைசிப் பத்து வருஷம் ஆசிரியராக இருந்தவர் ரூத் ரைக்கல். மெய்ன் மாநிலத்தின் சிங்கி இறால் திருவிழாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸை அனுப்பினார்கள். அவர் போய்விட்டு வந்து, நாக்கு ருசிக்காக ஓர் உயிரை உயிரோடு கொதிநீரில் போடலாமா என்று பக்கம் பக்கமாகக் கேட்டார். 2004 ஆகஸ்டில் அதை வெளியிட்டார்கள். சாப்பாட்டுப் பத்திரிகையில் சாப்பாட்டையே கேள்வி கேட்கும் கட்டுரையைப் போடத் துணிச்சல் வேண்டும். பழைய இதழ்கள் நூலக விற்பனையில் ஒரு டாலருக்கு நாலு என்று எனக்குக் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையவற்றில் பொருள்களின் பட்டியல் தனியாக இருக்காது. செய்முறை முழுவதும் ஒரே பத்தியில் ஓடும், பாட்டி சொல்வது மாதிரி.

சந்தா கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷம் கொசுறு விலை, அடுத்த வருஷம் நம்மைக் கேட்காமலே கார்டிலிருந்து முழு விலை. ஒரு பத்திரிகையிடம் நான் அப்படி மாட்டி, நிறுத்த மூன்று முறை போன் செய்தேன். பணம் கட்டும் அன்றைக்கே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

இதை எல்லாம் கேட்ட அக்கா, "அப்போ ஒரு பேர் சொல்லவே மாட்டே" என்றார். சரி, சொல்கிறேன்: சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், இரண்டே வருஷம். சமைக்கத் தெரிந்தவர் என்றால் சவேர். அக்காவின் முறுக்கைச் சாப்பிட்டவள் என்ற முறையில் அவருக்குச் சவேர்தான் என்றேன். அவர் 2007 நவம்பர் இதழைக் கையில் எடுத்து, "இந்தச் சோமாஸ் கட்டுரை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.