ஹெபடைடிஸ் சி பரிசோதனை: கார்டா, எலிசாவா?

கார்டு டெஸ்ட், ஆய்வகத்தில் செய்யும் எலிசா, இரண்டும் தேடுவது ஒன்றைத்தான்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி. கார்டு டெஸ்டில் விரல்நுனி ரத்தமே போதும், அரை மணி நேரத்துக்குள் கோடு தெரிந்துவிடும், மின்சாரம்கூட வேண்டாம். மருத்துவ முகாமில், சிறையில், இன்று வந்தவர் மறுமுறை வருவாரா என்று தெரியாத இடங்களில் என் தேர்வு கார்டுதான். மங்கலான கோட்டை ஒருவர் பாசிட்டிவ் என்பார், இன்னொருவர் இல்லை என்பார் என்பதே அதன் பலவீனம்.

எலிசா நிறத்தின் அடர்வையும், அதே வகை ஆய்வக டெஸ்டான கெமிலூமினெசன்ஸ் ஒளியையும் கருவியால் அளந்து எண்ணாகத் தருகின்றன. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பாசிட்டிவ் என்று கொள்ளும் வரம்பு 1 என்றால், 1.2 வருவதும் 15 வருவதும் ஒன்றல்ல. பொய்யான பாசிட்டிவ்கள் பெரும்பாலும் வரம்பை ஒட்டியே வருகின்றன. எண் இல்லாமல் வெறுமனே 'ரியாக்டிவ்' (பாசிட்டிவ்) என்று எழுதித் தரும் ரிப்போர்ட் நோயாளிக்கு வீண் பீதியைத்தான் தருகிறது.

பொய்யான பாசிட்டிவ் எவ்வளவு வரும் என்பது யாரைச் சோதிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. தொற்று இல்லாத நூறு பேரில் 99 பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் டெஸ்டை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் 5 பேருக்கே தொற்று உள்ள ஊரில், அது தொற்றில்லாத சுமார் 10 பேரையும் பாசிட்டிவ் என்று காட்டும். பாசிட்டிவ் வந்தவர்களில் மூன்றில் இருவருக்கு நோயே இருக்காது! ஆயிரத்தில் 100 பேருக்குத் தொற்றுள்ள பிரிவில் அதே டெஸ்ட் பெரும்பாலும் உண்மையே சொல்லும்.

இருவகை டெஸ்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தொற்று ஏற்பட்டு 8 முதல் 11 வாரம் வரை ஆன்டிபாடி தென்படாமல் போகலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அதற்குப் பிறகும் தென்படாமல் இருக்கலாம். இவர்களுக்கு வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வையே தேடும் பி.சி.ஆர். வேண்டும், அது ஓரிரு வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும். வைரஸின் புரதத்தைத் தேடும் கோர் ஆன்டிஜென் டெஸ்ட் பி.சி.ஆரைவிட மலிவானது, ஆனால் வைரஸ் அளவு மிகக் குறைவாக இருந்தால் தவறவிடும்.

வைரஸ் இப்போதும் உடலில் இருக்கிறதா என்று ஆன்டிபாடி சொல்லாது, எனவே அது பாசிட்டிவ் வந்தால் நோயாளியை அலைக்கழிக்காமல் அன்றே பி.சி.ஆருக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகும் நோய் இது. இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

குணமான பிறகும் ஆன்டிபாடி பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். வேலைக்கான மருத்துவச் சோதனையில் கார்டு மீண்டும் பாசிட்டிவ் காட்டினால், சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த, வைரஸ் இல்லை என்று சொல்லும் பி.சி.ஆர். ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.