பழைய தெருவா, புதிய அடுக்குமாடியா?

புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 சட்டமன்றத் தொகுதிகள். தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர்தான். இங்கே புதிதாகப் போட்டியிடுபவர் ஓட்டை எங்கே தேட வேண்டும்? பலமுறை வென்ற எம்.எல்.ஏ.வுக்குப் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு பழக்கம். காதுகுத்தோ கருமாதியோ, முதல் ஆளாக வந்து நிற்பார். எதிர்த்து நிற்பவர் அந்த நன்றிக்கடனோடு மோத வேண்டும்; அது லேசில் அசையாது.

ரெட்டியார்பாளையம் பக்கத்து அடுக்குமாடிகளில் அந்தக் கடன் இல்லை. வாசலில் அடுக்கிய தண்ணீர் கேன்களே குறையைச் சொல்லிவிடும். ஆனால் குடிவந்த பலரின் பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. கதவைத் தட்டி, முகவரியை மாற்றும் படிவம் 8-ஐ நிரப்பச் செய்வதுதான் அங்கே முதல் பிரசாரம். தேர்தலுக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டிய வேலை.

நான் இரண்டாவது வழியையே நம்புகிறேன். 2021இல் 6 சுயேச்சைகளை வெல்லவைத்த மண் இது.